காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது? சூடு போகிற வழியே தேடுங்கள்

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் தாய்மாமா ஒரு நாள் போனில் கூப்பிட்டார். "மாப்ளே, சைலன்சர் வேலை பாத்துட்டு வந்ததுல இருந்து வண்டி சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. மீட்டர்ல மஞ்ச லைட்டு வேற அணையவே மாட்டேங்கு" என்றார். பெட்ரோல் கார், பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸில் வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி அடியில் பார்த்தோம். முன் சீட்டுக்கு நேர் கீழே, புகைக்குழாயில் ஒரு முழ நீளத்துக்குப் புது இரும்புப் பைப்பை வெல்டிங் வைத்திருந்தார்கள். முன்னும் பின்னும் துருவேறிய பழைய குழாய், நடுவில் மட்டும் புதுசு.

"இந்த இடத்துல என்ன இருந்துச்சு மாமா?"

"எனக்கென்ன தெரியும் மாப்ளே. எல்லாம் சைலன்சர் பைப்புதான?"

அங்கே இருந்திருக்க வேண்டியது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பாடப்புத்தகத்தில் வினையூக்கி மாற்றி என்று எழுதுவார்கள். சைலன்சர் பார்க்கக் கொடுத்த இடத்தில் அதை அறுத்து எடுத்துக்கொண்டு, வெறும் பைப்பை வைத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று தங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய உலோகங்கள் சில கிராம் இருக்கும். அதனால் பழசுக்கும் நல்ல விலை உண்டு. மாமாவுக்கோ அப்படி ஒரு பொருள் தன் வண்டியில் இருந்ததே தெரியாது. இருந்ததே தெரியாதபோது, காணோம் என்று யாரிடம் போய்க் கேட்பது? அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். கார் ஓட்டத் தெரிந்த எவரும், மெக்கானிக் வேலை ஒன்றும் தெரியாவிட்டாலும், தன் வண்டியில் இந்தப் பொருள் இருக்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்ட முடியும்.

அதற்கு முன்னால், அது செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பெட்ரோல் முழுசாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் எஞ்சினுக்குள் ஒரு நொடியில் பல தடவை நடக்கிற எரிதல் அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. மூன்று கெட்ட சாமான்கள் வெளியே வரும். ஒன்று கார்பன் மோனாக்சைடு, மூச்சில் ஏறினால் ஆளையே கொல்லும். அடுத்தது அரைகுறையாக எரிந்த பெட்ரோல் ஆவி. மூன்றாவது, எஞ்சினின் கொடுஞ்சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகிற நைட்ரஜன் ஆக்சைடுகள். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் வெறும் நைட்ரஜனாகவும் மாற்றுவதுதான் கன்வெர்ட்டரின் வேலை.

வெளியே பார்த்தால் அது ஒரு துருப்பிடிக்காத எஃகு டப்பா, அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரு பீங்கான் கட்டி. இடியாப்ப உரலின் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சு ஒரு சாண் நீளத்துக்குத் தடித்து, ஓட்டைகளெல்லாம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்து நெருக்கியடித்து நின்றால் எப்படியிருக்கும், அப்படி. ஒரு சதுர அங்குலத்தில் 400 ஓட்டை என்பது பரவலாக உள்ள அளவு. அந்த ஓட்டைகளின் சுவர்களில்தான் நான் சொன்ன உலோகங்கள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பூசப்பட்டிருக்கும். புகை அவற்றை உரசிக்கொண்டு போகும்போது மாற்றம் நடந்துவிடும். அந்த உலோகங்கள் மட்டும் தீராது.

ஆனால் குளிர்ந்து கிடக்கும்போது இது வேலையே செய்யாது. சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிய பிறகுதான் உயிர் வரும். இட்லிப் பானையில் கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. அதைப்போல மூன்று மடங்கு. இந்த ஒரு விஷயத்தை மனதில் பிடித்துக்கொண்டால் போதும், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் கன்வெர்ட்டரைக் கண்டுபிடித்துவிடலாம். காரில் அவ்வளவு சூடு எங்கே கிடைக்கும்? எஞ்சினை விட்டுப் புகை வெளியேறும் வாயில்தான். வண்டியை இழுத்து ஓட்டும்போது அங்கே 800 டிகிரியைத் தாண்டும். குழாய் வழியே பின்னால் போகப் போகச் சூடு குறைந்துகொண்டே வரும்.

ஆற்றைப் போல ஒரு குழாய்

புகைக்குழாயை நம் தாமிரபரணியாக நினைத்துப் பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. வழியில் மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் வந்து கலக்கின்றன. எஞ்சினில் நாலு சிலிண்டர் இருந்தால் நாலு வாய். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டைக் குழாய் புறப்பட்டு ஒரே குழாயாகச் சேரும். சேர்கிற அந்த இரும்பு வார்ப்புக்கு மேனிஃபோல்ட் என்று பெயர். மூன்று சிலிண்டர் வண்டியில் மூன்று வாய். சில புது எஞ்சின்களில் இந்தச் சேர்க்கை எஞ்சின் தலைக்குள்ளேயே முடிந்துவிடுவதால், வெளியே ஒரே ஒரு வாய்தான் தெரியும்.

அங்கிருந்து குழாய் கீழே இறங்கி, வண்டியின் வயிற்றுக்கு அடியில் பின்பக்கம் ஓடும். கடைசியில் பம்பருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய டப்பாதான் சைலன்சர். நம் ஆற்றில் அது ஸ்ரீவைகுண்டம் அணை, கடலுக்கு முந்தின கடைசிப் பெரிய அணைக்கட்டு. அதற்கு அப்புறம் வெளியே தெரிகிற வால் குழாய்தான் புன்னைக்காயல்.

கன்வெர்ட்டர் இந்த ஆற்றில் எங்கே நிற்கிறது? பழைய கார்களில் பெரும்பாலும் நடுவழியில், அதாவது திருநெல்வேலிக்குப் பக்கத்தில். ஓட்டுநர் காலடிக்கும் முன் சீட்டுக்கும் கீழே. புதிய கார்களில் மலையை விட்டு இறங்கியதுமே பாபநாசத்தில். மேனிஃபோல்டுக்கு ஒட்டினாற்போல, பானெட்டுக்குள்ளேயே. சில வண்டிகளில் இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று இருக்கும். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் தேடாதீர்கள். வண்டியின் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு "இதுதான் கன்வெர்ட்டர்" என்று சைலன்சரைக் காட்டுகிறவர்கள் நிறைய. அவ்வளவு தூரம் வந்து சேரும் புகையில் கன்வெர்ட்டரை உயிரோடு வைத்திருக்கிற சூடு இருக்காது.

நடுவழியிலிருந்து அது ஏன் மேலே நகர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தபோது அது வண்டிக்கு அடியில்தான் இருந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தால் அந்த உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செத்துப்போகச் செய்துவிடும். அதனால் ஈயமில்லாத பெட்ரோல் கிடைத்த ஊர்களுக்குத்தான் முதலில் கன்வெர்ட்டர் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்த பிறகே நம் பக்கத்துக்கும் தடை நீங்கியது. அப்புறம் மாசு விதிகள் வரவர இறுகின. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6, அதாவது பாரத் ஸ்டேஜ் 6 என்கிற மாசு விதி. வண்டியைச் சோதிப்பதே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற நிமிஷத்திலிருந்துதான். கன்வெர்ட்டர் சூடேறாத அந்த முதல் ஒன்றிரண்டு நிமிஷத்தில் வெளியேறுகிற நச்சுதான் மொத்தக் கணக்கில் பெரும்பங்கு. ஆகவே சீக்கிரம் சூடேற வேண்டும், சீக்கிரம் சூடேற வேண்டுமென்றால் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காலையில் திருநெல்வேலி டவுன் ரதவீதியில் வண்டியை எடுத்து, ஈரடுக்குப் பாலம் ஏறி, ஜங்ஷனில் போய் நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அடியில் கன்வெர்ட்டர் உள்ள பழைய வண்டி அந்தத் தூரத்தில் நல்ல பங்கை அது சூடேறாமலேயே கடந்துவிடும். எஞ்சினோடு ஒட்டிய கன்வெர்ட்டர் உள்ள வண்டியில், ரதவீதி தாண்டுவதற்குள் அது வேலையைத் தொடங்கியிருக்கும். இடம் மாறியதன் பலன் இவ்வளவு கண்கூடானது.

தேடுவது எப்படி

ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன வண்டியைக் காலையில் பாருங்கள். ஓட்டி நிறுத்தின சூட்டோடு கை வைத்தால் தோல் உரிந்துவிடும். மேலே நீர் தெளித்தால் சுண்டுகிற சூடு அது. சமமான தரையில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, செல்போன் டார்ச்சை அடியுங்கள்.

எஞ்சினுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் காற்று உள்ளே போகும். ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து தடித்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குழாய் அந்தப் பக்கம் போவதைப் பார்க்கலாம். புகை வெளியேறுவது பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம். அங்கே பிளாஸ்டிக் எதுவும் இருக்காது, இரும்பும் தகரமும்தான். அம்மி கொத்தினது போலப் புள்ளி புள்ளியாக அழுத்திய மெல்லிய பளபளப்பான தகடு ஒன்று மூடியிருக்கும். சூடு மற்ற சாமான்கள் மேல் அடிக்காமல் இருக்க வைத்த மறைப்பு அது. இன்று ஓடுகிற சின்னக் கார்களில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருப்பதால், இந்தத் தகடு ஒன்று ரேடியேட்டரைப் பார்த்து முன்பக்கம் இருக்கும், அல்லது டேஷ்போர்டுப் பக்கமுள்ள தகரச் சுவரைப் பார்த்துப் பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் இருந்தால் உங்கள் வேலை ரொம்ப சுலபம். பின்பக்கம் இருந்தால் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஜீப் மாதிரி நீளவாட்டில் எஞ்சின் உள்ள வண்டிகளில் இடது அல்லது வலது பக்கம் பாருங்கள்.

அந்தத் தகட்டுக்குக் கீழே குழாய் சட்டென்று புடைத்து, ஒரு பெரிய பால் டின் அளவுக்கு உருண்டு, மறுபடி ஒடுங்கினால் அதுதான் கன்வெர்ட்டர். இரண்டு முனையும் புனல் போலச் சரிந்து ஒடுங்கும்.

சந்தேகம் இருந்தால் சென்சாரைத் தேடுங்கள். இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்பார்க் பிளக் போன்ற ஒரு சின்னப் பொருள் குழாயில் திருகியிருக்கும். அதன் முதுகிலிருந்து வயர்கள் புறப்படும். அது ஆக்சிஜன் சென்சார். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. இப்போதைய பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு உண்டு. முன்னால் இருப்பது பெட்ரோலும் காற்றும் சரியான அளவில், அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்று, கலக்க உதவுகிறது. பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கிறது. ஆகவே இரண்டு சென்சாருக்கும் நடுவில் எந்த டப்பா இருக்கிறதோ, அதுதான் நீங்கள் தேடுவது.

மாமா வண்டியில் மஞ்சள் லைட் அணையாததன் காரணமும் இதுவே. நடுவில் வெறும் பைப் இருந்ததால் முன் சென்சார் பார்த்த அதே புகையைப் பின் சென்சாரும் பார்த்தது. இரண்டும் ஒரே பாட்டைப் பாடினால் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும். ஸ்கேனர் மாட்டினால் பி 0420 என்று கோளாறு எண் காட்டும்.

பானெட்டுக்குள் தென்படவில்லை என்றால் அடியில் பார்க்க வேண்டும். தயவுசெய்து ஸ்டெப்னி மாற்றுகிற ஜாக்கியை வைத்துத் தூக்கிக்கொண்டு அதற்குக் கீழே படுக்காதீர்கள். ஜாக்கி சறுக்கினால் உயிர் போய்விடும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது வண்டி எப்படியும் மேலே ஏறத்தான் போகிறது. அந்த நேரம் கீழே நின்று பாருங்கள். எஞ்சினிலிருந்து தொடங்கி, குழாயைக் கண்ணால் தொடர்ந்து பின்னால் வாருங்கள். பின்னலாகக் கம்பி சுற்றிய வளையக்கூடிய ஒரு துண்டு வரும். எஞ்சின் ஆட்டம் குழாயைப் பிளக்காமல் இருக்க அது. அதைத் தாண்டி முன் சீட்டுப் பகுதியில், மறைப்புத் தகட்டோடு ஒரு புடைப்பு இருந்தால் அது கன்வெர்ட்டர். இன்னும் பின்னால் போனால் நடுவில் ஒரு சின்ன டப்பா இருக்கலாம். இதைத்தான் பலர் கன்வெர்ட்டர் என்று நம்பிவிடுகிறார்கள். அது ரெசனேட்டர், சத்தத்தை மட்டுப்படுத்துகிற துணை சைலன்சர். அதன் பக்கத்தில் சென்சாரும் இருக்காது, உள்ளே பீங்கானும் இருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும், ஸ்பானரால் தட்டிப் பார்த்து அடையாளம் காணாதீர்கள். உள்ளே இருப்பது பீங்கான். ஏற்கெனவே உடைந்திருந்தால் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போதே கிலுகிலுப்பை போலச் சத்தம் கேட்கும்.

டீசல் வண்டிக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. பிஎஸ் 6 டீசலில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றும் கூடவே இருக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரிகிற உருளையில் கன்வெர்ட்டரும் அந்த வடிகட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டிருப்பது வழக்கம். பிடித்த கரியை எரித்துத் தீர்க்க அதற்கு 550, 600 டிகிரி வேண்டும். பாளையங்கோட்டைக்குள்ளேயே சுற்றுகிற டீசல் கார்கள் அடைத்துக்கொள்வதும், நாங்குநேரி, வள்ளியூர் என்று நாலுவழிச் சாலையில் ஓடுகிற கார்கள் நன்றாக இருப்பதும் இதனால்தான்.

பைக்கிலும் கன்வெர்ட்டர் உண்டு, சைலன்சருக்குள்ளேயோ எஞ்சினுக்கு ஒட்டிய வளைவிலோ. மின்சாரக் காரில் கிடையாது, புகையே இல்லையே.

இடம் தெரிந்த பிறகு

இடம் தெரிந்துவிட்டால் சில விஷயங்களில் தானாகவே கவனம் வந்துவிடும். மானூர் பக்கம் மானாவாரி ஊர்களில் தை, மாசியில் ரோட்டில் உளுந்துச் செடியைக் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் வண்டியை ஏற்றிக்கொண்டு போகிறோம். காய்ந்த செடி அடியில் சிக்கிச் சுருண்டு, சூடான கன்வெர்ட்டரில் ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்க அது போதும். சிக்கின மாதிரி சத்தம் கேட்டால் நிறுத்தி உருவி எடுத்துவிடுங்கள். வைக்கோல், காய்ந்த பனையோலை, சருகு கிடக்கிற இடத்தில் ஓடிய சூட்டோடு வண்டியை நிறுத்தவே கூடாது.

நீண்ட தூரம் ஓட்டி வந்த கையோடு வாட்டர் சர்வீஸில் அடியில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அது பீங்கானுக்கும் ஆகும். ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். வெள்ளை அடிக்காத ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டினால், அடியில் கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்காரர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் உடனே பார்த்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூடு எல்லை மீறிப் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்த வண்டி மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றத்தில் மூச்சு முட்டி நிற்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இருக்காது. பேட்டரி இறங்கின காரைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்வதிலும் இதே ஆபத்து உண்டு.

கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் தருகிற தடை மிகச் சொற்பம். இழப்போ பெரிது. பிஎஸ் 4 முதல் பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் அந்த எல்லைக்குள் நிற்பது மிகவும் கடினம். மாமா வண்டிக்கும் புகைச் சான்றிதழ் கிடைக்கவில்லை. விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, நம் தெருவில் நம் பிள்ளைகள் அந்தப் புகையைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள் என்பது.

மாமா புதுசு வாங்கி மாட்டிவிட்டார். செலவு அவருக்குக் கனம்தான். மாட்டி முடித்த அன்றைக்கே ராம்ப்பில் வைத்து இரண்டு படம் எடுத்துக்கொடுத்தேன். ஒன்று இரண்டு சென்சாரும் கன்வெர்ட்டரும் தெரிகிற மாதிரி, இன்னொன்று டப்பாவின் மேல் பொறித்த எண் தெரிகிற மாதிரி. இனிமேல் வண்டியை எங்கே வேலைக்கு விட்டாலும், திரும்ப எடுக்கும் முன் படத்தையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் அடுத்த வாட்டர் சர்வீஸில் அந்த இரண்டு படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.